ரம் ஊற்றிய கேக்கும் ஊற்றாத கேக்கும்

1

இந்தக் கதை எனக்குக் குழாயடியில் கிடைத்தது. "பெத்த பொண்ணே அப்பனுக்கு ஊத்திக் குடுத்துட்டா" என்றாள் சந்திரம்மாள். குடம் நிரம்புவதற்குள் எல்லோரும் தலையாட்டிவிட்டார்கள். அந்தப் பெண்ணுக்குப் பதினாலு வயது. பெயர் ரேணுகாம்பாள். அவள் ஊற்றியது டம்ளரில் இல்லை, கேக்கில். ஒரு குடம் தண்ணீர் பிடிக்கிற நேரத்தில் ஒருத்தியின் கதையை முடித்துவிடலாமா என்ற கோபத்தில்தான் எழுத உட்கார்ந்தேன். கோபத்தில் எழுதினால் கதை சரியாக வராது. வராவிட்டால் போகட்டும்.

2

முதல் ஆரம்பம்: கார்த்திகைப் பௌர்ணமியின் பொன்னொளியில் அண்ணாமலை ஒரு மாபெரும்

(அடித்துவிட்டேன். மலையைப் பற்றி எழுத ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள்.)

இரண்டாவது ஆரம்பம்: ரேணு எட்டாவதோடு நின்றவள். அப்பா சகாதேவன் அரிசி மண்டியில் மூட்டை தூக்கினார். கூலி வீடு வந்து சேருவதற்குள் சாராயமாகிவிடும். மதுவிலக்கு இருந்த காலம்தான். அது அவரை ஒருநாளும் தடுத்ததில்லை. அதனால் ரேணு செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்குப் பக்கத்தில் அறை எடுத்திருந்த ஒரு வெள்ளைக்காரம்மாவிடம் பாத்திரம் கழுவப் போனாள்.

எழுபத்தெட்டாம் வருஷம் ஆடியில் சகாதேவன் கோயிலில் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்தார். ஆவணி போனது, ஐப்பசி போனது, அவர் குடிக்கவில்லை. கை நடுங்குவதுகூட நின்றுவிட்டது. ஒருநாள் அவராகவே சொன்னார். "தீபம் முடியட்டும். அந்த வேலைய வுட்டுடு. ஜூன்ல உன்ன மறுபடியும் ஸ்கூல்ல சேத்துடறேன்."

அன்று ரேணு பழைய சீருடையை எடுத்து

(இதையும் விடுகிறேன். சீருடை எப்போதோ சின்னதாகிவிட்டது.)

3

அப்பா குடிக்காமல் இருக்கிற முதல் தீபம். பொரி உருண்டை மட்டும் போதாது என்று ரேணுவுக்குத் தோன்றியது.

வெள்ளைக்காரம்மா தன் ஊரில் பண்டிகைக்குக் குடிக்கிற ஒரு பானத்தையே கேக்காகச் செய்வாள். ஆரஞ்சுச் சாறு, எலுமிச்சை, இஞ்சி, சர்க்கரை, ரம். டம்ளரில் கலந்தால் காக்டெயில், மாவில் கலந்தால் கேக். வெளிநாட்டுக்காரர்களுக்குக் கொடுக்கிற பெர்மிட்டில் வாங்கிய ரம்மில் கொஞ்சம் மருந்துப் புட்டியில் ஊற்றிக் கொடுத்தாள். சூட்டில் போதை போய்விடும், வாசனை மட்டும்தான் நிற்கும் என்று பாதி பேச்சும் பாதி ஜாடையுமாகச் சொன்னாள்.

[அடிக்குறிப்பாக வரவேண்டியது: அவள் ஏமாற்றவில்லை. அந்த வாசனைக்காக அவள் வீட்டில் யாரும் நகையை அடகு வைத்திருக்க மாட்டார்கள், அவ்வளவுதான்.]

தீபத்தன்று முட்டை ஆகாது. தயிரும் சோடா உப்பும் போட்டு ரேணு மாவைக் கலந்தாள். தேக்சாப் பாத்திரத்தில் மணலைப் பரப்பி, நடுவில் கிண்ணத்தை வைத்து, மூடியின் மேல் கரி நெருப்பைக் கொட்டினாள். அம்மா பொன்னி எட்டிப் பார்த்தாள். "இனிமே மகாராணிக்குக் கூழு எறங்காது" என்றாள். சொல்லிவிட்டு விசிறியை எடுத்துக் கரியை அவளே விசிறினாள்.

எல்லோரும் விரதம். மலையில் தீபம் ஏறுகிறவரை எதையும் வாயில் வைக்கக்கூடாது. அதனால் கேக்கை யாரும் ருசி பார்க்கவில்லை.

4

ஆறு மணிக்குத் தீபம் ஏறியது. வாசலில் நின்று கும்பிட்டுவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். முதல் துண்டு அப்பாவுக்கு. அவர் மென்றார். மெல்லுவதை நிறுத்தினார்.

"இதுல இன்னா போட்ட?"

"வாசனைக்குத்தான் நைனா. சூட்டுல எல்லாம் பூடும்னு அந்தம்மா சொன்னாங்க."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு எழுதச் சுலபமாக இருந்திருக்கும். இன்னொரு துண்டு கேட்டு வாங்கினார். இலையில் ஒட்டிய தூளை விரலால் தொட்டுத் தொட்டுத் தின்றார். பிறகு எழுந்து ஆணியில் தொங்கிய சட்டையை எடுத்தார்.

"எங்க கெளம்பிட்ட?" என்றாள் பொன்னி.

"தீபம் பாத்துட்டு வரேன்."

அவர்கள் வீட்டு வாசலில் நின்றாலே தீபம் தெரியும்.

5

சந்திரம்மாளுக்குக் கதை இங்கே முடிந்துவிட்டது. எனக்கு முடியவில்லை. ரேணுவைக் காப்பாற்றத்தானே உட்கார்ந்தேன்? எழுதுகிறவள் நான். ரம்மை எடுத்துவிட்டால் போயிற்று.

எடுத்துவிட்டேன். கேக்கில் ஆரஞ்சும் இஞ்சியும் மட்டும்தான். சகாதேவன் தின்கிறார். "நல்லாக்கீது" என்கிறார். ரேணுவுக்கு முகம் கொள்ளாத சிரிப்பு. தெருவில் ஒரே கூட்டம், மண்டிக்கு லீவு. அவர் முழங்காலைத் தடவிக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்கிறார். பிறகு ஆணியைப் பார்க்கிறார்.

சட்டையைத் துவைக்கப் போட்டு எழுதினேன். துண்டைப் போர்த்திக்கொண்டு கிளம்பினார். மழை பெய்யவைத்தேன். நனைந்துகொண்டே போனார். எப்படி எழுதினாலும் அவரை உட்காரவைக்க

6

ஆக, உங்களிடம் இரண்டு கேக் இருக்கிறது. முதலாவதில் ரேணுமேல் பழி உண்டு. ஆனால் நான் மட்டும் ஊற்றாமல் இருந்திருந்தால் என்று ஆயுசுக்கும் நினைத்துக்கொள்ளலாம். அந்த நினைப்பில் அப்பா நல்லவராகவே இருப்பார். இரண்டாவதில் அவள்மேல் ஒரு குற்றமும் இல்லை. நல்லவராக நினைத்துக்கொள்ள அப்பாவும் இல்லை. இரண்டிலும் ஜூன் மாதம் அவள் செங்கம் ரோட்டில் பாத்திரம்தான் கழுவுகிறாள்.

அவளுக்கு எது நல்லது என்று எனக்குத் தெரியவில்லை. அதனால் முடிவு எழுதப்போவதில்லை. சகாதேவன் இப்போதுதான் தெரு முனையைத் தாண்டியிருக்கிறார். பொன்னி கேக்கை வெட்டிய கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு ரேணுவிடம் கேட்கிறாள்.

"மீதிய உங்க நைனாவுக்கு எடுத்து வைக்கட்டுமா?"

பதிலை நீங்கள் சொல்லிவிடுங்கள். ரேணுவைச் சொல்லவைக்காதீர்கள்.