மேலே ஏற்றாத செயற்கைக்கோள்

"மேடம், ஏத்தாதீங்க. இருக்கற எடத்துலயே விட்டுருங்க."

காலை பத்தரை மணிக்கு நாத்தனார் மூச்சிரைக்க வந்து நின்றபோது, செயற்கைக்கோள் கட்டுப்பாட்டு அறையில் பொறுப்பாளர் நாற்காலியில் இருந்த அண்ணிக்குச் சுருக்கென்றது. பத்தே முக்காலுக்குச் செயற்கைக்கோள் தலைக்கு மேல் வரும். ஆன்டெனாவின் கண்ணில் படும் எட்டு நிமிடத்துக்குள் மேலே ஏற்றும் ஆணை போயாக வேண்டும். எரிந்து தீர்ந்த ராக்கெட் உருளை ஒன்று மதியம் இரண்டு மணிக்கு எண்பது மீட்டர் கீழே கடக்கும், அதிலிருந்து கழன்ற மூடி அதற்கும் கீழே போகும் என்றது விண்குப்பைப் பட்டியல். அரைக் கிலோமீட்டர் மேலே ஏற்றிவிட்டால் கவலையில்லை. எப்போதும் செய்கிற வேலைதான்.

ரேடார் பிரிவில் நாத்தனாருக்குச் 'சந்தேகம்' என்றே பெயர். உப்பைக்கூட நாக்கில் வைத்துப் பார்த்துத்தான் உப்பு என்று ஒப்புக்கொள்வாள். வீட்டில் அண்ணிக்கு அதனால் பட்ட எரிச்சல் கொஞ்சநஞ்சமல்ல.

"முந்தாநாள் உருளையும் மூடியும் உரசற மாதிரி போச்சு. அப்பவே கம்ப்யூட்டர் பேரை மாத்திப் போட்டுருச்சு. ஒம்போது மீட்டர் உருளைக்கு ரேடார் எதிரொலி இவ்ளோ சன்னமாவா வரும்? நாம உருளைன்னு நெனைக்கறதுதான் மூடி. லேசானது, காத்து இழுத்து இன்னும் கீழ போயிரும். நெஜ உருளை கனம். மூடின்னு போட்ட கணக்குப்படி எறங்காது, மேலயே வரும். நாம ஏத்தினா நேரா அது வாயில போய் விழுவோம்."

"தப்பா இருந்தா?"

நாத்தனார் கணக்குத் தாளை மேசையில் வைத்தாள். "மூணு தடவை போட்டுப் பாத்துட்டேன், அண்ணி."

அலுவலகத்தில் அவள் 'அண்ணி' என்று கூப்பிட்டதே இல்லை.

அண்ணி இயக்குநருக்குப் போன் போட்டாள். நகர்த்தாமல் விட்டு மோதிவிட்டால், இருநூறு பேருடைய ஆறு வருட உழைப்பு தூள்தூளாகிவிடும். சொந்தக்காரி பேச்சைக் கேட்டுக் கெடுத்தாள் என்று ஊரே சிரிக்கும்.

"யாரு சொல்றது?" என்றார் இயக்குநர்.

"எங்க வீட்டுப் பொண்ணு சார். என் நாத்தனார். மூணு தடவை பாக்காம எதையும் சொல்ல மாட்டா."

"தப்பாப் போனா?"

"ரெண்டு பேரும் ஒண்ணாவே வீட்டுக்குப் போயிடறோம் சார்."

எட்டு நிமிடம் கடந்தது. ஆணை போகவில்லை. அதன்பின் மூன்று மணி நேரம் அந்த அறையில் யாருக்கும் சோறு இறங்கவில்லை.

இரண்டு மணிக்குத் தொலைதூர ரேடாரின் படம் திரைக்கு வந்தது. ஏற்றியிருந்தால் செயற்கைக்கோள் எங்கே இருந்திருக்குமோ, அந்த இடத்தின் வழியாகவே தடித்த எதிரொலி ஒன்று புரண்டு புரண்டு போயிற்று. வெகு கீழே சன்னமாக இன்னொன்று. அறையே எழுந்து கைதட்டியது. அண்ணிக்குப் பெருமை தாங்கவில்லை. பெற்ற பிள்ளைகள் பரிசு வாங்கியபோதுகூட இவ்வளவு பெருமைப்பட்டதில்லை.

"அந்தப் பொண்ணுகிட்ட குடுங்க," என்றார் போனில் இயக்குநர்.

தரையிலேயே உட்கார்ந்துவிட்ட நாத்தனாரிடம் அண்ணி குனிந்து போனை நீட்டினாள். அவள் வாங்கவில்லை. வேர்த்த உள்ளங்கையை உடையில் துடைத்துக்கொண்டே திரையைப் பார்த்தாள். அங்கே ஒரு சிறு புள்ளி, உருளையும் மூடியுமாக விலகிப் போகும் இரண்டு கோடுகளுக்கு நடுவே, தன் வழியில் போய்க்கொண்டிருந்தது.