ஊத்தின் கழுத்தில் மூன்று கோடுகள்

முழங்கால் இரண்டும் எரிந்தன. பகல் முழுக்க மண்டி போட்டுத் தரைக்கு டைல்ஸ் ஒட்டியவர், சாயங்காலம் மாடிப்படி ஏறக் கைப்பிடியைப் பிடித்து உடம்பை மேலே இழுத்துக்கொண்டு வந்தார். கீழே மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை. மேலே பாட்டு டீச்சரின் அறை. அந்த அறைக்குத் தரை போட்டதும் இவர்தான். அன்றைக்குப் பக்கத்து அறையில் டீச்சர் ஊத் வாசித்ததைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்துவிட்டதில், சட்டியில் குழைத்த கலவை கல்லாகிப் போனது. வேலை முடிந்ததும் போய் நின்று, "எனக்கும் சொல்லிக் குடுப்பீங்களா?" என்று கேட்டுவிட்டார்.

வீட்டில் அவர் மனைவிக்கு இன்னும் விளங்கவில்லை. "பேரு ஊத்துங்கிறீங்க. ஊதுறது இல்லைங்கிறீங்க. அந்த டீச்சரு உங்கள நல்லா ஏமாத்துது."

ஊத் என்பது பூசணிக்காயைப் பாதியாக அறுத்தது போல முதுகும், குட்டைக் கழுத்தும், ஜோடி ஜோடியாகத் தந்தியும் உள்ள அரபு நாட்டுக் கருவி. மடியில் வைத்தால் அதன் தொப்பையும் இவர் தொப்பையும் ஒன்றையொன்று தள்ளும். கூடப் படிக்கும் கேன்டீன் அக்கா, ஒரு ஆஸ்பத்திரி கேன்டீனில் சோறு பரிமாறுகிறவள், அதைப் பார்த்துவிட்டு முதல் நாளே கேட்டாள்: "ரெண்டுல எதுங்க உங்களது?"

படிக்கிறவர்கள் இவர்கள் இரண்டு பேர்தான். அவர்களுக்கென்று இருந்ததும் ஒரே ஊத். வகுப்பு இல்லாத நாளில் கீழ்க்கடையில் சாவி வாங்கி, ஆளுக்கொரு நேரமாக வந்து பழகுவார்கள்.

கிட்டாருக்கு இருக்கிற மாதிரி குறுக்குக் கம்பிகள் ஊத்தின் கழுத்தில் கிடையாது. வழுவழுவென்று ஒரே கறுப்பு. விரல் எங்கே விழ வேண்டும் என்பதைக் காதுதான் சொல்ல வேண்டும். நூல் பிடித்து, மட்டம் பார்த்து, கோடு போட்டுப் பழகிய ஆளுக்கு அது நரகம். டீச்சர் அவர் விரலைப் பிடித்துச் சரியான இடத்தில் வைத்தால் ஓசை சுத்தமாக வரும். கையை எடுத்தால் போச்சு. அக்காவோ ஸ்வரத்தை வாய்க்குள் முனகிக்கொண்டே விரலை நகர்த்தி, தட்டுத் தடுமாறியாவது போய்ச் சேர்ந்துவிடுவாள்.

ஒருநாள் தனியாக இருந்தபோது வெகுநேரம் போராடி, டீச்சர் காட்டிய மூன்று இடங்களையும் பிடித்துவிட்டார். மறுபடி தொலைக்க மனசு வரவில்லை. பென்சில் கோடு அழிந்துவிடும். பையிலிருந்து டைல்ஸ் கீறும் ஊசியை எடுத்து, விரல் அழுத்திய இடத்தின் நட்டநடுவில் மயிரிழையாக மூன்று கோடு கீறினார். சாய்த்துப் பார்த்தால்தான் தெரியும். சுத்தமான வேலை.

அடுத்த வகுப்பில் டீச்சர் கையைத் தட்டினாள். "அண்ணே, காது திறந்துடுச்சு உங்களுக்கு!"

"காதுல சிமெண்டுல்ல இருந்துச்சு. தட்டி எடுத்துட்டாரு" என்றாள் அக்கா.

அதற்கப்புறம் அக்காவின் வாசிப்பு கெட ஆரம்பித்தது. எந்த ஸ்வரமும் கொஞ்சம் இறங்கியே ஒலித்தது. முனகுவதையும் விட்டுவிட்டாள். குனிந்து ஊத்தின் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போன மாசம் நல்லா வந்துச்சேக்கா. இன்னும் கொஞ்சம் மேல" என்றாள் டீச்சர்.

அக்கா விரலை நகர்த்தவில்லை. அதே இடத்தில் இன்னும் அழுத்தினாள். அப்போதுதான் டைல்ஸ்காரர் பார்த்தார். அவள் விரல் நுனி கோட்டின் மேல் கச்சிதமாக நின்றது. மெல்லிய விரல். இவருடையது உலக்கை. ஓசை பிறப்பது விரலின் நடுவில் அல்ல, முன் ஓரத்தில். இவர் விரலின் நடுவைக் கோட்டில் வைத்தால் ஓரம் சரியான இடத்துக்கு எட்டும். அவள் விரல் எட்டாது. கோடு இவர் கைக்கு மட்டும் போட்ட கோடு. டீச்சர் போட்டதென்று நம்பி, அவள் தன் காதை மூடிக்கொண்டுவிட்டாள்.

சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. பாராட்டு வாங்கிய வாய்.

அக்கா ஊத்தை மெதுவாக விரிப்பில் சாய்த்தாள். "எனக்குக் காது இல்லம்மா. இருக்குன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்" என்று சிரித்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனாள். அடுத்த வாரம் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை.

மூன்றாவது வாரம் டைல்ஸ்காரர் ஊத்தை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துக் காட்டினார். "நான் கீறுனது டீச்சர்."

டீச்சர் நகத்தால் தடவிப் பார்த்தாள். "அக்காவும் இதப் பார்த்துத்தான் வச்சாங்களா?"

"ஆமா."

"மரத்த நான் தேச்சுக்குவேன். அவங்ககிட்ட நீங்கதாண்ணே சொல்லணும். நான் சொன்னா ஆறுதலுக்குச் சொல்றேன்னு நெனப்பாங்க."

மறுநாள் மத்தியானம் கேன்டீனுக்குப் போனார். வரிசை நீளம். அக்கா தலையில் வலை மாட்டி, கரண்டியோடு நின்றாள். இவரைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"அடடே, வித்வான் வந்துட்டாரு! வாசிப்பெல்லாம் எப்படிப் போவுது?"

"போவுதுக்கா... ஒரு விஷயம் சொல்லணும்."

"சொல்லுங்க, சொல்லுங்க. தட்ட நீட்டிக்கிட்டே சொல்லுங்க."

பின்னால் நின்ற ஆள் தட்டால் முதுகில் இடித்தான். "யோவ், பேசுறதுக்கா வந்த? பசிக்குதுய்யா."

"நீங்க திரும்ப வரணும்க்கா" என்றார்.

"நமக்கெதுக்குங்க அதெல்லாம்? இப்போ வேலை முடிஞ்சதும் நேரா வீட்டுக்குப் போயி காலை நீட்டிப் படுத்துடறேன்." தட்டில் ஒரு கரண்டி கூடுதலாகவே வைத்தாள். கண் அடுத்த தட்டுக்குப் போய்விட்டது.

மூலை மேசையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் தின்று முடித்தார். வரிசை குறையவில்லை. இவருக்கும் வேலைக்கு நேரமாகிவிட்டது. தட்டைக் கழுவுமிடத்தில் போட்டுவிட்டு வெளியே வந்தார்.

தப்பு அவள் காதில் இல்லை, தான் கீறிய கோட்டில் என்ற ஒரு வார்த்தையை அவர் அவளுக்கு இன்னும் பாக்கி வைத்திருக்கிறார்.