ஐந்தாவது மேசையில் வராத முகம்

இந்த மனிதர் கண்டுபிடிக்காமலே போய்விட்டால் தேவலை.

அவள் நினைத்தது அவ்வளவுதான். நினைப்பை முகத்துக்கு வரவிடாமல், ரிப்பேர்காரருக்கு நாற்காலியை விட்டுக்கொடுத்து ஓரமாக நின்றாள்.

அந்தப் பார்சல் அலுவலகத்தில் மேசைகள் ஐந்து. முதலாளியான பெரியவர் இறந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. மகன் சின்னவர், அப்பாவின் படத்தை எல்லாக் கம்ப்யூட்டரிலும் ஸ்கிரீன்சேவராகப் போடச் சொன்னார். மூன்று நிமிடம் யாரும் எதையும் தொடாவிட்டால் திரையில் பெரியவர் வருவார். நான்கு மேசைகளில் வந்தார். லேபிள் அடிக்கும் அவளுடைய மேசையில் மட்டும் வரவில்லை.

"எங்களுக்கு மட்டும் தினம் தரிசனம். அக்காவுக்கு விலக்கு போல" என்றாள் பில் மேசைக்காரி.

சின்னவரும் முதல் வாரம் சிரித்தார். அடுத்த வாரம், "நீங்க எதையாவது ஆஃப் பண்ணீங்களாக்கா?" என்று கேட்டார். இல்லை என்றாள். உண்மைதான். ஆனாலும் உண்மை சொன்னவளின் நிம்மதி அவளுக்கு இல்லை. கைவைக்காத களவில் பங்கு கிடைத்ததுபோல் இருந்தது.

பெரியவர் கெட்டவர் இல்லை. பத்தொன்பது வருடத்தில் அவளை ஒரு சுடுசொல் சொன்னதில்லை. ரப்பர் செருப்பு போட்டிருப்பார், நடப்பது கேட்காது. கை சற்று ஓய்ந்தால் போதும், நாற்காலிக்குப் பின்னால் நிற்பார். "என்னம்மா, முடிஞ்சிடுச்சா?" அவ்வளவுதான் கேட்பார். வேலை இல்லாதபோதும் ஓர் எழுத்தை அடித்து, அதையே அழித்து, மறுபடி அடிக்க அவள் விரல்கள் பழகின. வீட்டில் டிவி பார்க்கும்போதுகூட மடித்த துணியைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

இந்த மூன்று மாதமாகத்தான் இரண்டு கையையும் மடியில் போட்டுக்கொண்டு எதிர்ச்சுவரைப் பார்க்க முடிகிறது. அப்போது என்ன யோசிப்பாள் என்று கேட்டால் சொல்ல ஒன்றும் இல்லை. அந்த ஒன்றுமில்லாததைத்தான் அவள் யாருக்கும் கொடுக்க விரும்பவில்லை.

சின்னவர் பக்கத்தில் நிற்க, ரிப்பேர்காரர் செட்டிங்கைப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. கையைக் கட்டிக்கொண்டு மூன்று நிமிடம் காத்திருந்தார். படம் வரவில்லை. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் திரைக்கு மிக அருகில் குனிந்தார்.

"அம்புக்குறியைப் பாருங்க. யாரும் தொடலை, ஆனா நடுங்குது."

மயிரிழை அளவுதான். அவர் மவுஸைத் தூக்கி மல்லாக்கப் போட்டார். லேபிள் தாளைக் கத்தியால் வெட்டுவதற்காக அவள் மேசைக்கு மட்டும் கண்ணாடிப் பலகை போட்டிருந்தார்கள்.

"கண்ணாடி மேல இதோட வெளிச்சம் சரியா நிக்காது சார். யாரோ நகர்த்துறாங்கன்னு அதுவா நினைச்சுக்குது. அக்கா மேல தப்பே இல்லை."

"நான்தான் அவசரப்பட்டுட்டேன்" என்று சின்னவர் தலையைச் சொறிந்தார்.

ரிப்பேர்காரர் பையிலிருந்து கறுப்பு மவுஸ் அட்டை ஒன்றை எடுத்துக் கண்ணாடிமேல் வைத்தார். அவளை உட்காரச் சொன்னார்கள். அவள் உட்கார்ந்து கைகளை மடியில் வைத்தாள். சின்னவரும் ரிப்பேர்காரரும் பில் மேசைக்காரியும் திரையையே பார்த்துக் காத்திருந்தார்கள். திரை ஒருமுறை இருண்டது. பெரியவர் வந்தார், அதே பாதிச் சிரிப்போடு.

அவள் கைகள் தாமாகக் கீபோர்டுக்குப் பாய்ந்தன. படம் மறைந்தது.

"பழக்கதோஷம்" என்று பில் மேசைக்காரி சிரித்தாள்.

அவள் தன் விரல்களைப் பார்த்தாள். வெட்கமோ கோபமோ வரவில்லை. ஒரு கணக்கு சரியாக வந்துவிட்டது போல மட்டும் இருந்தது.

"சரி, தீர்ந்தது" என்றார் சின்னவர். "அட்டை அப்படியே இருக்கட்டும்க்கா. எடுத்துடாதீங்க."

அவள் மவுஸைத் தூக்கி, அட்டையை உருவி ரிப்பேர்காரரிடம் நீட்டினாள். மவுஸைக் கண்ணாடிமேலேயே வைத்தாள்.

"என்னக்கா இது? அப்பா உங்களுக்கு என்ன குறை வச்சார்?"

"ஒரு குறையும் வைக்கலை தம்பி" என்றாள். "எனக்கு இது வேண்டாம்."