நான்காவது பிஸ்டன்

இரண்டாயிரமாம் ஆண்டு ஆகஸ்டில், பிஜியின் வனுவா லெவு தீவுக்குப் போய்வரும் பயணிகள் கப்பலின் எஞ்சினைக் கழற்றி, ஆறு பிஸ்டன்களையும் தலைநகர் சுவாவிலிருந்த பட்டறை மேசையில் வைத்தார்கள். சோதிப்பது ஷைலேந்திராவின் வேலை. வெப்பம் தாங்குவதற்காக ஒவ்வொன்றின் தலையிலும் பீங்கான் பூச்சு இருந்தது. நான்காவதில் ஓரமாக மயிரிழைக் கோடுகள். நாணயத்தால் தட்டினான். மற்றவை கணீரென்றன; இது பொத்தென்றது. அடியில் பூச்சு உலோகத்தை விட்டு விலகியிருந்தது.

மேனேஜர் கமலேஷ் பதிவேட்டைக் காட்டினார். "எட்டாயிரம் மணி நேரம் தாங்கணும். நாலாயிரம்கூட ஓடலியே?"

"மணிக்கணக்கு சரிதான் சார். ஆனா ஊரடங்கு வந்ததிலேருந்து வழியிலேயே நிறுத்தி நிறுத்தி எடுக்குறாங்க. சூடாகி ஆறி, சூடாகி ஆறி வெடிச்சிருக்கு. மாத்தணும்."

"ஆட்சியக் கவுத்த நாளிலேருந்து ஒரு பெட்டி சாமான் இறங்கல. எதை வச்சு மாத்துவே?" கமலேஷ் குரலைத் தாழ்த்தினார். "நியூசிலாந்துக்கு அனுபவச் சான்று கேட்டியே, அதையும் இன்னிக்கே டைப் பண்ணிடலாம்."

நசினுவில் ஷைலேந்திராவின் பக்கத்து வீட்டைக் கலவரக்காரர்கள் சூறையாடியிருந்தார்கள். மனைவி சுமித்ரா தினமும் நியூசிலாந்து விசாவைப் பற்றியே கேட்டாள். ஷைலேந்திரா பதிவேட்டில் "நல்ல நிலை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். அந்தக் கப்பலின் எஞ்சின் அறையில்தான் சுமித்ராவின் தம்பி சிவனுக்கு வேலை. எழுதும்போதே அது அவனுக்கு ஞாபகம் இருந்தது.

பத்தொன்பதாம் நாள் நடுக்கடலில் அந்தப் பிஸ்டன் ஓட்டை விழுந்து எஞ்சின் வெடித்தது. கொதிக்கும் எண்ணெய் சிவன்மேல் பாய்ந்தது.

லம்பாசா ஆஸ்பத்திரியில் சிவன் இரண்டு கைகளிலும் கட்டோடு படுத்திருந்தான்.

"எஞ்சின் சூட்டைத் தணிக்கிற தண்ணி வால்வை நான் திறக்கலேன்னு கம்பெனியில சொல்றாங்க மாமா. சத்தியமா திறந்தேன்."

"தெரியும்டா. பிஸ்டன் கெட்டிருந்தது. நான்தான் நல்லாருக்குன்னு கையெழுத்துப் போட்டேன்."

சிவன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். பிறகு, வாழ்க்கையில் முதல்முறையாக, ஒருமையில் பேசினான்.

"அக்காகிட்ட சொல்லிட்டியா?"

"இல்ல."

"போய்ச் சொல்லு. அப்புறம் விசாரிக்கிறவங்ககிட்ட காயிதத்துல எழுதிக் குடு."

ஷைலேந்திரா இரண்டையும் செய்தான். சுமித்ரா அழவில்லை. மகள் அஞ்சீதாவைக் கூட்டிக்கொண்டு, விசிட் விசாவில் நியூசிலாந்தின் ஆக்லாந்திலிருந்த தன் பெரியம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். கமலேஷ் சான்றைத் திரும்பப் பெற்றார். ஷைலேந்திராவின் வேலையும் போனது, விசா விண்ணப்பமும் தள்ளுபடியானது.

சிவன்மேல் குற்றமில்லை என்று விசாரணையில் முடிவாக ஏழு மாதமானது. அன்று மாலை ஷைலேந்திரா ஆக்லாந்துக்குப் போன் செய்தான்.

"தீர்ப்பு வந்திடுச்சு சுமித்ரா. அவன் மேல தப்பில்லேன்னு எழுதிட்டாங்க."

"விரல் மடங்குதா அவனுக்கு?"

"இல்ல."

மறுமுனையில் தொலைக்காட்சிச் சத்தம் கேட்டது. போனில் யாரென்று அஞ்சீதா பிஜி இந்தியில் கேட்டாள். சுமித்ரா பதில் சொல்லாமல் போனை வைத்தாள்.