முன்னால் போகிறவள்

சுரையா முதன்முதலாக மலை சைக்கிளில் ஏறியபோது அவளுக்கு நாற்பத்திரண்டு வயது. மேட்டுப்பாளையத்தில் பள்ளிக்கூடம் போன காலத்தில் அண்ணனின் சைக்கிளை ஓட்டியிருக்கிறாள். கல்யாணமாகிக் குன்னூருக்கு வந்த பிறகு சைக்கிள் என்பது அவள் கணவன் அயூப்பின் சமாச்சாரமாகவே இருந்தது.

அயூப்புக்குக் குன்னூர் மார்க்கெட்டில் ஹார்டுவேர் கடை. ஆணி, பெயின்ட், பைப்பு, தோட்டக்காரர்களுக்கான கவாத்துக் கத்தி எல்லாம் கிடைக்கும். வாரத்தில் ஆறு நாளும் கடையில் நிற்கிறவன், ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் ஸ்டெபினோடு கிளம்பிவிடுவான். ஸ்டெபின் வெலிங்டன் போகிற வழியில் சைக்கிள் கடை வைத்திருப்பவன். தேயிலைத் தோட்டத்துக்குள் போகும் ஒற்றையடிப் பாதைகள், சோலைக்காட்டு ஓரங்கள், கற்பூர மரங்களுக்கு நடுவே சறுக்கி இறங்கும் சரிவுகள் என்று பன்னிரண்டு வருஷம் இருவரும் சுற்றினார்கள். பத்து மணிக்குச் சேறும் சகதியுமாக வந்து வாசலில் உட்காரும்போது அயூப்பின் முகம் பெருநாள் காலையில் இருப்பதுபோல இருக்கும்.

பிறகு அவன் கதவு விளிம்பில் இடித்துக்கொள்ள ஆரம்பித்தான். பக்கவாட்டில் நீட்டுகிற டம்ளர் அவனுக்குத் தெரியவில்லை. அந்தி சாய்ந்தால் படிக்கட்டில் கால் தடுமாறியது. கோயம்புத்தூரில் கண் டாக்டர் ஒரு நாள் முழுக்கச் சோதனைகள் செய்துவிட்டு, இது பரம்பரையாக வருவது, பார்வை ஓரத்திலிருந்து சுருங்கிக்கொண்டே வரும், இப்போதைக்கு ஒரு குழாய் வழியாகப் பார்ப்பதுபோல இருக்கும், அந்தக் குழாயும் போகப்போகச் சின்னதாகும் என்றார். மருந்து உண்டா என்று சுரையா கேட்டாள். அவர் இல்லை என்பதைக் கொஞ்சம் சுற்றிச் சொன்னார்.

அயூப் ஸ்கூட்டரை விற்றான். சைக்கிளை விடவில்லை. ஸ்டெபின் முன்னால் போக, இவன் அவன் முதுகைப் பார்த்துக்கொண்டே மூன்று ஞாயிறு ஓட்டினான். நாலாவது ஞாயிறு ஒரு வளைவைத் தவறவிட்டுக் காவாயில் விழுந்து, மோவாயில் நாலு தையல். அதற்குப் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் ஸ்டெபினுக்கு ஏதாவது ஒரு வேலை வந்தது. அயூப் அவனைக் குறை சொல்லவில்லை. "அவன் பயப்படறான். நானா இருந்தாலும் பயந்திருப்பேன்" என்றான்.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் சைக்கிளைப் பின்கட்டுக்குக் கொண்டுபோய்க் கழுவுவான். செயினுக்கு எண்ணெய் விடுவான். டயரில் காற்றை அழுத்திப் பார்ப்பான். பிறகு அதன் இடத்தில் கொண்டுபோய் நிறுத்திவிடுவான். இரண்டு மாதம் சுரையா இதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு நாள் துணி காயப்போட்டுக்கொண்டே சொன்னாள்:

"முன்னால ஒரு ஆளு போகணும், அவ்வளவுதானுங்களே? நான் போறேன்."

அயூப் சிரித்தான். அவள் சிரிக்காததைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான்.

ஸ்டெபின் தன் கடையிலிருந்து சின்ன ஃபிரேம் உள்ள பழைய சைக்கிள் ஒன்றைக் கொடுத்தான். ஜெகதளாவுக்கு மேலே, தோட்டத் தொழிலாளர்களின் இடித்துப்போட்ட லைன் வீடுகள் இருந்த ஒரு மேட்டில் அயூப்பின் பாடம் தொடங்கியது. சைக்கிளில் உட்காரக் கூடாது என்பதுதான் முதல் பாடம். பெடல் இரண்டும் ஒரே மட்டத்தில் இருக்க எழுந்து நிற்க வேண்டும். முழங்காலும் முழங்கையும் தளர்வாக இருக்க வேண்டும். இறக்கத்தில் இடுப்பு சீட்டுக்குப் பின்னால் போக வேண்டும். பிரேக்குக்கு ஒரு விரல் போதும். பயத்தில் முன் பிரேக்கைக் கவ்வினால் ஹேண்டில் பாரைத் தாண்டிப் பறக்க வேண்டியதுதான். சுரையா இதையெல்லாம் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். ஆனால் இறக்கத்தைப் பார்த்ததும் உடம்பு எல்லாவற்றையும் மறந்து கல்லாகிவிடும்.

"சக்கரத்தைப் பார்க்காத. போக வேண்டிய எடத்தைப் பாரு. கண்ணு எங்க போகுதோ, வண்டி அங்கதான் போகும்" என்று அயூப் ஒருமுறை சொன்னான்.

அவள் ஓட்டுவது அவனுக்கு முழுதாகத் தெரியாது. அதனால் வளைவின் ஓரத்தில் தலையைச் சாய்த்து நின்று காதால் கேட்பான். பின் சக்கரம் பூட்டிக்கொண்டு மண்ணை இழுத்தால், "விடு, விரலை விடு" என்பான். பெடல் கல்லில் தட்டினால் மட்டம் சரியில்லை என்பான். அவள் மூச்சை அடக்கிக்கொண்டு இறங்குவதைக்கூட அவன் கண்டுபிடித்தான். அவள் பல தடவை விழுந்தாள். கவாத்து வெட்டிய தேயிலைச் செடிகளின் மேல் விழுவதைப்போல மோசமானது வேறில்லை, கையெல்லாம் கீறல். கொழுந்துப் பையோடு அந்த வழியாகப் போன காளியம்மாள் என்ற தோட்டத் தொழிலாளி, அவளைத் தூக்கி நிறுத்தி, ஏனுங்க இந்த வயசுல எதுக்குங்க இதெல்லாம் என்று கேட்டாள். கோவையில் விடுதியில் தங்கிப் படிக்கும் மகள் அஃப்ரீனும் போனில் அதையே கேட்டாள். உன் அத்தாவுக்குத் துணைக்குத்தான் என்று சுரையா சொன்னாள்.

எட்டு மாதம் ஆனது. தையின் கடைசியில் ஒரு ஞாயிறு, தலையில் முக்காட்டின் மேல் ஹெல்மெட், உடம்பில் பளீரென்று மஞ்சள் ஜாக்கெட் போட்டுக்கொண்டு அவள் முன்னால் போனாள். அயூப் பதினைந்தடி பின்னால் வந்தான். அவன் குழாய்க்குள் அந்த மஞ்சள் எப்போதும் இருக்க வேண்டும். மஞ்சள் பெரிதானால் பிரேக் பிடிக்க வேண்டும். மற்றதற்கு ஐந்தாறு சொற்கள் வைத்துக்கொண்டார்கள். வேர். கல்லு. இடது. வலது. இறக்கம். தண்ணி. அவள் கத்திக்கொண்டே போனாள். பாதை முடிகிற ஓடைக்கு வந்து நின்றபோது அவளுக்குத் தொண்டை கட்டியிருந்தது. அயூப் சைக்கிளைச் சாய்த்துவிட்டுப் பாறையில் உட்கார்ந்து, கையால் தண்ணீரை அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டான்.

அந்த வெயில் காலம் முழுக்க ஒரு ஞாயிறும் விடவில்லை. ஓடைக்கரையில் உட்கார்ந்ததும், எதிர்ச்சரிவில் என்ன தெரிகிறது என்று கேட்பான். அவள் சொல்வாள். சீகை மரம் பூத்திருக்கிறது. கீழே தோட்டத்தில் மருந்தடிக்கிறார்கள். மேகம் கோத்தகிரிப் பக்கம் போகிறது. அவனும், ஆமாம், அந்த ஓரத்து மரம்தானே என்று சேர்ந்துகொள்வான்.

அவள் அவனிடம் சொல்லாத ஒன்றும் இருந்தது. ஒரு நாள் பெரிய வேர் ஒன்று எதிரே வந்தபோது, யோசிக்காமலே அவள் உடம்பு தாழ்ந்து எழும்பி, முன் சக்கரம் வேரைத் தாண்டிப் பறந்தது. பின் சக்கரமும் சொன்னபடி கேட்டு வந்தது. அவளுக்கு உள்ளே என்னவோ திறந்துகொண்டது. சமையலறையில், கடைக் கல்லாவில், வேறெங்குமே அவளுக்கு அப்படி இருந்ததில்லை. இதை அவருக்காகத்தானே செய்கிறோம் என்று நினைத்துக்கொண்டாள். அப்படி நினைத்துக்கொண்டால்தான் அந்தச் சந்தோஷம் அவளுக்குக் கூச்சமில்லாமல் இருந்தது.

செப்டம்பரில் ஒரு காலை லேசான மூடுபனி. பெரிய பனி ஒன்றுமில்லை, இருபதடி நன்றாகவே தெரிந்தது. சோலை ஓரத்து வளைவில் திரும்பியதும் சுரையா சட்டென்று நின்றாள். பத்தடியில், பாதையை அடைத்துக்கொண்டு ஒரு காட்டுமாடு. வளைந்த கொம்பும் கரிய முதுகுமாக அவளையே பார்த்துக்கொண்டு நின்றது. இந்த நேரத்தில் சத்தம் போடக் கூடாது என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். மஞ்சள் நின்றுவிட்டது அவருக்குத் தெரியும், நிறுத்திவிடுவார் என்று அவள் அசையாமல் இருந்தாள்.

அயூப் பிரேக்கே பிடிக்கவில்லை. வந்த வேகத்தில் நேராக அவள்மேல் மோதினான்.

அவள் பாதையிலிருந்து தூக்கியெறியப்பட்டுத் தேயிலைச் செடிகளுக்கு இடையே விழுந்தாள். தோளில் ஏதோ முறிவதைக் காதாலேயே கேட்டாள். காட்டுமாடு ஒருமுறை சீறிவிட்டு, செடிகளை முறித்துக்கொண்டு சரிவில் ஓடிப்போனது. அயூப்பும் விழுந்தான், ஆனால் எழுந்துகொண்டான். "சுரையா" என்றான்.

அவளுக்கு மூச்சு அடைத்திருந்தது, குரல் வரவில்லை. அவள் அவனுக்கு நாலடி கீழே மல்லாந்து கிடந்தாள், பளீரென்ற மஞ்சள் ஜாக்கெட்டோடு. அவன் அவள் கிடந்த பக்கம் நேராகப் பார்த்தான். அவன் பார்வை அவள்மேல் நிற்காமல் நகர்ந்து போனது. மறுபடி வந்தது, மறுபடி போனது. பிறகு அவன் மண்டியிட்டு, இரண்டு கைகளாலும் செடிகளைத் தடவிக்கொண்டு தேட ஆரம்பித்தான். "சுரையா... சுரையா..." உரக்கக்கூட இல்லை. தொழுகையில் முணுமுணுக்கிற குரலில். அவன் வாய் கோணிப்போயிருந்ததை அவள் பார்த்தாள். தன்னை யாரும் பார்க்கவில்லை என்று நினைக்கிற மனிதனின் முகம் அது.

"இங்கதான் இருக்கேன்" என்றாள் கடைசியில்.

"எங்க?"

"உங்க முன்னாலதானுங்க."

போன் செய்ததும் ஸ்டெபின் ஜீப் எடுத்துக்கொண்டு கிளம்பினான். அவன் வந்து சேரும்வரை அயூப் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்:

"மஞ்சள் எப்ப இருந்து தெரியலீங்க?"

அவள் ஜாக்கெட்டில் ஒட்டியிருந்த இலைகளை விரலால் தடவி எடுத்தான். பிறகு சொன்னான்: "பக்ரீத்துக்கு முன்னாடியே. உன் டயர் சத்தத்தை வெச்சுத்தான் வந்துட்டிருந்தேன். நீ நின்னதும் அந்தச் சத்தம் இல்லாமப் போச்சு. வளைவுனால கேக்கலைன்னு நெனச்சுட்டேன்."

"ஏன் சொல்லலை?"

"சொல்லியிருந்தா நிறுத்தியிருப்ப."

அது உண்மைதான். நிறுத்தியிருப்பாள்.

காறை எலும்பு முறிந்திருந்தது. ஆறு வாரத்துக்குக் கையைத் துணித் தொட்டிலில் கட்டிக் கழுத்தில் மாட்டினார்கள். முதல் இரண்டு வாரம் அவள் அவனோடு சரியாகப் பேசவில்லை. எலும்புக்காக அல்ல. எத்தனை ஞாயிறு ஓடைக்கரையில் உட்கார்ந்து அவள் மரத்தையும் மேகத்தையும் சொல்ல, எதுவுமே தெரியாமல் அவன் ஆமாம் போட்டிருக்கிறான்! அதை நினைக்கும்போதெல்லாம் அவளுக்கு ஆத்திரமாக வந்தது. ஆத்திரம் அடங்கியதும், பொய் சொல்லியாவது இன்னும் நாலு மாதம் ஓட்டிவிட வேண்டும் என்று அவன் எவ்வளவு ஆசைப்பட்டிருப்பான் என்று தோன்றியது. அது ஆத்திரத்தைவிடத் தாங்க முடியாததாக இருந்தது.

தொட்டிலைக் கழற்றிய வாரம், அயூப் ஸ்டெபினை வரச்சொல்லித் தன் சைக்கிளை எடுத்துக்கொண்டு போகச் சொன்னான். சுவரில் மாட்டி வைக்காதே, ஓட்டு என்றான். ஸ்டெபின் அவன் முகத்தைப் பார்க்காமல், சரிங்கண்ணா என்றான். ஹேண்டில் பாரைப் பிடித்தபடி படியிறங்கியவன், தெருமுனை வரைக்கும் சைக்கிளில் ஏறாமல் தள்ளிக்கொண்டே போனான். போகிற சைக்கிளின் பின்சக்கரச் சத்தம் நிற்கும்வரை அயூப் வாசலில் நின்றிருந்தான்.

அவளுடைய சைக்கிள் பின்கட்டில் அப்படியே நின்றது. டிசம்பரில் டாக்டர் எலும்பு நன்றாகக் கூடிவிட்டது என்று சொன்னபோது, இனி ஓட்டலாமா என்று கேட்டது அயூப்தான். எனக்கு வேண்டாம் என்று அவள் சொல்லிவிட்டாள். அவன் இரண்டு மூன்று தடவை விட்டுவிட்டுக் கேட்டான். கடைசியில் ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னான்:

"நான் போகாததுக்கு நீயும் போகலைன்னா, அன்னைக்கு நான் ரெண்டு பேரையும் சேர்த்துத் தள்ளிவிட்ட மாதிரி ஆயிரும், சுரையா."

அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். ஆனால் ஜனவரியில் போனாள். ஸ்டெபினும் அவன் நண்பர்கள் இருவரும் வந்தார்கள். முதல் சில வாரம் ஒவ்வொரு வளைவுக்கு முன்னாலும் இறங்கிப் பார்த்துவிட்டே போனாள். வீட்டுக்கு வந்ததும், எப்படி இருந்தது என்று அயூப் கேட்டால், ஒரே குளிர், பாதையெல்லாம் சேறு, பாதிதான் போனோம் என்று குறைத்துச் சொல்வாள். அவனும் அதற்குமேல் கேட்க மாட்டான். ஞாயிற்றுக்கிழமைகளிலும் அவன் கடை திறக்க ஆரம்பித்திருந்தான். எந்தப் பெட்டியில் எந்த ஆணி என்று கைக்குத் தெரியும். காளான் தலை, சப்பைத் தலை என்று விரலாலேயே பிரித்துக் கொடுப்பான்.

பிப்ரவரியில் ஒரு ஞாயிறு, கடைக்குப் போகாமல் லேசான காய்ச்சலோடு வீட்டிலிருந்தான். அன்றைக்கு அவள் புதிதாக ஒரு பாதையில் போயிருந்தாள். அடுத்தடுத்து ஏழு கொண்டை வளைவுகள், கடைசியில் ஆளுயரச் சரிவு. போன மாதமென்றால் இறங்கித் தள்ளியிருப்பாள். நிற்காமல் இறங்கினாள். கீழே வந்து சைக்கிளைப் போட்டுவிட்டுப் புல்லில் மல்லாந்து படுத்து, மற்றவர்கள் இன்னும் வந்து சேராத அந்த இடத்தில் வாய்விட்டுச் சிரித்தாள்.

வீட்டு வாசலில் ஷூவைக் கழற்றும்போதும் அந்தச் சிரிப்பு முகத்திலேயே இருந்தது. உள்ளே போகுமுன் உள்ளங்கையால் முகத்தைத் துடைத்துச் சாதாரணமாக்கிக்கொண்டாள். கதவைத் தள்ளிய பிறகுதான், அது அவருக்குத் தெரியப்போவதில்லை என்பது உறைத்தது. அப்படியே நின்றுவிட்டாள்.

"நல்லா இருந்துச்சா?" என்றான் அயூப், நாற்காலியிலிருந்து.

"நல்லா இருந்துச்சுங்க" என்றாள். இத்தனை வாரத்தில் அவள் உண்மை சொன்னது அன்றுதான்.

அவன் தலையசைத்தான். எந்தப் பக்கம், எப்படி என்று கேட்டான். அவள் தரையில் அவன் காலடியில் உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தாள். முதல் வளைவு, இரண்டாவது, மண் எப்படி இருந்தது, எங்கே எடையைப் பின்னால் தள்ளினாள் என்று. அவன் கைவிரல் ஒன்று மடியின்மேல் லேசாக மடங்கி மடங்கி விரிந்தது, பிரேக் பிடிப்பதுபோல. அதைப் பார்த்ததும் அவள் குரல் தளர்ந்தது. நாலாவது வளைவுவரை சொன்னாள்.

"போதும் சுரையா" என்றான் மெதுவாக.

எழுந்து, சுவரைத் தொட்டுத் தொட்டு உள்ளறைக்குப் போனான். கட்டில் கிரீச்சிடும் சத்தம் கேட்டது. அவள் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். கால்சட்டையில் அப்பியிருந்த சேறு மெல்லக் காய்ந்து தரையில் உதிர ஆரம்பித்தது.