ஆளுக்கு அரை மணி நேரம்

ஓசூர் சிப்காட் பக்கம் இருந்த அந்தச் சின்ன மென்பொருள் நிறுவனத்தில் ஆறு பேர் கொண்ட குழுவுக்கு ஜோதிமணி தலைவி. தொழிற்சாலை இயந்திரம் எப்போது நின்றது, ஏன் நின்றது என்று காட்டும் மென்பொருளை எழுதிக் கொடுப்பது அவர்கள் வேலை. அதைப் புதிய கணினி மொழிக்கு மாற்ற வேண்டி வந்தபோது, குழுவுக்கு எந்தப் பயிற்சி என்று முடிவு செய்வதை மேலாளர் அவளிடமே விட்டுவிட்டார். பெங்களூரிலிருந்து ஒருவரை மூன்று நாள் வரவழைக்கலாம். இல்லையென்றால் வீடியோ பாடம் வாங்கி அவரவர் பார்த்துக்கொள்ளலாம்.

ஜோதிமணிக்கு வீடியோதான் வேண்டும். காரணத்தை அவள் யாரிடமும் சொன்னதில்லை. இருபது வயதில் தொழிற்சாலை பிரஸ் ஷாப்பில் வேலை பார்த்துக்கொண்டே அஞ்சல் வழியில் பட்டம் வாங்கியவள். தகடு அடிக்கும் அந்தச் சத்தம் வலது காதை அடியோடு கொண்டுபோனது; இடது காதில் பாதிதான் மிச்சம். வீடியோவில் கீழே எழுத்து ஓடும். புரியாவிட்டால் பின்னுக்குத் தள்ளிப் பார்க்கலாம்.

குழுவில் நான்கு பேர் நேரில் ஆள் வேண்டும் என்றார்கள். போன வருடம் வாங்கிய வீடியோவை யாருமே பாதிகூடத் தாண்டவில்லை, சந்தேகம் கேட்க ஆளுமில்லை என்று அவர்கள் சொன்னது உண்மைதான். வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதமே ஆன வினோதா மட்டும் வீடியோ போதும் என்றாள். பாகலூரில் வீட்டிலிருந்தே பார்க்க நினைக்கிறாள் போல என்று ஜோதிமணி எடுத்துக்கொண்டாள். தன் ஒருத்தி காதுக்காக நான்கு பேர் படிப்பு கெடக் கூடாது என்று நேர்ப் பயிற்சிக்கே எழுதிக் கொடுத்தாள்.

பயிற்சியாளர் முனிவேல் கெட்டிக்காரர். ஆனால் முதுகைக் காட்டிப் பலகையில் எழுதிக்கொண்டே பேசினார், அதுவும் வேகமாக. முன் வரிசையில் உட்கார்ந்தும் ஜோதிமணிக்குப் பதினொரு மணிக்குள் எல்லாம் நழுவிவிட்டது. மற்றவர்கள் சிரித்தபோது அவளும் சிரித்து வைத்தாள். கொடுத்த பயிற்சியை மற்ற ஐந்து பேரும் முடித்தார்கள். குழுத் தலைவி திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

டீ இடைவேளையில் வினோதா பக்கத்தில் வந்தாள்.

"அக்கா, உங்க லேப்டாப்ல ஒரு பைல் தொறந்து வெச்சிருக்கேன். அவரு பேசறத நான் என் லேப்டாப்ல டைப் பண்ணா இங்கயும் தெரியும். நீங்க அதுல பாத்துக்குங்க."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"பின்னாடி இருந்து கூப்ட்டா நீங்க திரும்ப மாட்டீங்க. மொதல்ல கோவம்னு நெனச்சேன். அப்பறம் புரிஞ்சுது. அதுக்குத்தான் வீடியோ கேட்டேன்."

ஜோதிமணி யோசித்துப் பார்த்தாள். இத்தனை மாதமாக இவள் கவனித்திருக்கிறாள், யாரிடமும் வாய் திறக்கவில்லை. மூன்று நாளும் எனக்காக டைப் செய்தால் இந்தப் பெண் எதைக் கற்றுக்கொள்வாள் என்ற நினைப்பும் கூடவே வந்தது. எல்லோரும் திரும்பி வந்து உட்கார்ந்ததும் ஜோதிமணி எழுந்து நின்றாள்.

"சார், எனக்குக் காது சரியாக் கேக்காது. போர்டப் பாத்துப் பேசுனா ஒண்ணும் புரியறதில்ல. எங்களப் பாத்துப் பேசுங்க."

முனிவேல் மன்னிப்புக் கேட்டார். முதலிலேயே தானே கேட்டிருக்க வேண்டும் என்றார். அதன் பிறகு எழுதி முடித்து, திரும்பி நின்று, பிறகுதான் பேசினார். வினோதா டைப் செய்வதைப் பார்த்து, அதை ஆளுக்கு அரை மணி நேரம் என்று மற்றவர்கள் தாங்களாகவே பிரித்துக்கொண்டார்கள். அவர்களில் ஹரீஷ்குமார் அடித்ததில் பாதிக்கு மேல் எழுத்துப்பிழை. அவன் முறை வரும்போதெல்லாம் ஜோதிமணி வாயைப் பொத்திச் சிரித்தாள்.

மூன்றாம் நாள் மாலை அவள் எழுதிய நிரல் தடங்கலில்லாமல் ஓடியது. வண்டி நிறுத்துமிடத்தில் வினோதாவின் கையைப் பிடித்துக்கொண்டு, இதை நான் மறக்க மாட்டேன் என்றாள். அந்தப் பெண் கூச்சத்தோடு தலையைக் குனிந்து ஏதோ முணுமுணுத்தாள். மற்ற நாளாக இருந்தால் ஜோதிமணி புரிந்ததுபோலத் தலையாட்டியிருப்பாள்.

"கேக்கல வினோதா," என்று இடது பக்கத்தைக் காட்டினாள். "இந்தப் பக்கம் வந்து சொல்லு."