தர்ஷனின் மருந்துப் போத்தல்

பத்து மணிக்குப் பால் கொடுக்க வந்த தனுஷிகா எவ்வளவு தட்டியும் நிலக்ஷி கண் திறக்கவில்லை. பதினொரு மாதக் குழந்தை. தூக்கத்திலும் மார்பு பட்டால் உறிஞ்சத் தொடங்கிவிடுவாள். இன்று தலை தொங்கியது.

தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள அன்று கிருஷாந்தி தனி ஆள்; பதினாலு பிள்ளைகள். விடிந்ததும் வேலைக்குப் பேர் பதியும் பெரட்டுக்கு ஓடும் அவசரத்தில் தாய்மார் பால், துணி, மருந்து எல்லாவற்றையும் ஒரே பையில் திணித்துப் பிள்ளையோடு கொடுத்துவிட்டுப் போவது வழக்கம். சளி மருந்து பையில் இருக்கிறது, பார்த்துக் கொடுங்கள் என்று மட்டும் தனுஷிகா சொல்லியிருந்தாள்.

எட்டரைக்கு நிலக்ஷி சிணுங்கியதும் கிருஷாந்தி போத்தலை எடுத்தாள். தர்ஷன், ஏழு வயது என்று எழுதியிருந்தது. அண்ணனுக்குக் கொடுத்த மருந்து தங்கைக்கு ஆகாதா என்ன? அளவு மூடியைக் காணவில்லை. சீனிக் கரண்டியில் ஒன்று ஊற்றினாள். பிள்ளை தூங்கினால் தனக்கும் மூச்சுவிட நேரம் கிடைக்கும் என்ற நினைப்பும் அவளுக்கு இருந்தது.

பால் கொடுக்க வந்த தாய்மாரிடம் மற்றப் பிள்ளைகளை விட்டுவிட்டு, நிலக்ஷியைத் தூக்கிக்கொண்டு இருவரும் திரீவீலரில் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். காய்ச்சலாக இருக்குமோ என்று தனுஷிகா வழியெல்லாம் கேட்டாள். கிருஷாந்தி போத்தல் இருந்த பையை மடியில் இறுக்கிக்கொண்டாள். டொக்டர் எழுதிய துண்டு இல்லாமல் மருந்து கொடுக்கக் கூடாதென்பது தோட்டத்தை நடத்தும் துரையின் சட்டம். சொன்னால் வேலை போய்விடும். மறுபடி மலையில் கொழுந்துக்கூடைதான்.

டொக்டர் பிள்ளையின் மூச்சைக் கவனித்துவிட்டு, ஏதாவது கொடுத்தீர்களா என்று கேட்டார். தனுஷிகா தரையைப் பார்த்தாள். கிருஷாந்தி போத்தலை எடுத்து மேசையில் வைத்தாள்.

"எட்டரைக்கு ஒரு கரண்டி. நாந்தான் குடுத்தேங்க."

தனுஷிகா கிருஷாந்தியின் கையைப் பிடித்தாள். "அக்கா, அஞ்சு மணிக்கு நானும் ஒன்னு குடுத்திட்டேனே. புள்ள ராவெல்லாம் தூங்கல."

டொக்டர் ஏசவில்லை. இது தூக்கம் வரவைக்கும் மருந்து, இந்த வயதுக்கு மூச்சையே அடக்கிவிடும், தூங்க வைக்க யாருக்கும் கொடுக்கக் கூடாது என்றார். எத்தனை மணிக்கு, எவ்வளவு என்பது தெரிந்ததே பெரிய உதவி என்று சொல்லிப் பிள்ளையை வார்டுக்கு அனுப்பினார். ஒட்சிசன் கொடுத்தார்கள். தாதி ஒருத்தி பக்கத்தை விட்டு நகரவில்லை.

நாலு மணிக்கு நிலக்ஷி வீறிட்டு அழுதாள். அழுகை கேட்டால் உடனே அடக்கப் பார்க்கும் கிருஷாந்தி, அசையாமல் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

பால் கொடுத்தபடியே தனுஷிகா மெல்லக் கேட்டாள்: "தொரைகிட்ட என்னக்கா சொல்வீங்க?"

"இங்க சொன்னதத்தான்."